என் பேச்சை மகள் இங்கிலீஷில் சொன்னது

என் மகள் டாக்டர் படிப்புக்கு இன்டர்வியூ போன வருடம் எது என்று கேட்டால் எனக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. தேனி தனி மாவட்டமாகி நாலைந்து வருடம் இருக்கும். பழுக்கிற நேரத்தில் மழை பிடித்து, பந்தலில் திராட்சையெல்லாம் வெடித்துப்போன வருடம். எறும்பு வந்த வேகத்துக்கு வியாபாரி வரவில்லை. அது வேறு கதை.

உத்தமபாளையத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரை தமிழிலேயே படித்தவள் அவள். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். அடுத்தது இன்டர்வியூ. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பெரிய கல்லூரி, ஊரிலிருந்து ஒரு பகல் பயணம். கேள்வியெல்லாம் இங்கிலீஷில்தான் என்றார்கள்.

காலையில் அவளை மட்டும் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் முகம் சுண்டி வெளியே வந்தாள்.

"என்ன ஆத்தா?"

"எல்லாம் தெரியும்ப்பா. வாயில வரல. மரம் மாதிரி நின்னுட்டேன்."

பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார், "தமிழ் மீடியமாம்மா? அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மத்தியானம் என்னையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். உள்ளே இரண்டு பேர். ஒருவர் வடக்கத்தி டாக்டரம்மா, தமிழ் தெரியாது. இன்னொருவர் கண்ணாடி போட்ட நம்ம ஊர் டாக்டர். டாக்டரம்மா கேட்டதை அவர் எனக்குத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் மகளைப் பார்த்தார். அவளே சொல்லட்டும் என்று அர்த்தம்.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார்கள். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். எனக்கு எப்போது நிறுத்தத் தெரிந்தது?

"கத்திரி பிடிச்சா ஒரு இலை விட மாட்டோம்மா. பாக்குறவுக கொடி செத்துப்போச்சும்பாக. பத்துப் பதினஞ்சு நாள்ல கண்ணு முழிச்சுத் துளுக்கும். எந்தக் கண்ணுல காய் வரும், எது சும்மா இலைதான்னு கைக்குத் தெரியும். எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான், அவன் வெட்டுனா இலைகூட வராது..."

மச்சான் கதை வரைக்கும் போய்விட்டேன். மகள் என் முகத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு வந்தாள். காலையில் நின்ற மரமா இது? விரலையே கொடியாக்கி, எங்கே வெட்டுவோம் என்று காட்டினாள். டாக்டரம்மா குறுக்கே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மச்சான் கதைக்கு அந்தம்மா சிரித்தே விட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. "காலைல புள்ள பயந்துருச்சும்மா. ஏழப்பட்ட புள்ள. எப்படியாச்சும் ஒரு எடம் போட்டுக் குடுங்க" என்று கும்பிட்டேன்.

மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். நான் என்ன சொன்னேன் என்று டாக்டரம்மா கேட்பது எனக்கே புரிந்தது. கண்ணாடிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெதுவாக இரண்டு மூன்று வரி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா தாளில் ஏதோ எழுதினார். காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மறுநாள் பலகையில் இடம் கிடைத்தவர்கள் நம்பர் போட்ட தாள் ஒட்டினார்கள். எழுத்துத்தான் எனக்கு வராது, நம்பர் வரும். அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். அவள் நம்பர் இருந்தது.

மதுரையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். "நான் கும்பிட்டதுக்கு அந்தம்மாகிட்ட என்னதான் சொன்ன?"

"எங்கப்பா எனக்காக எடம் கேக்குறாக. அவுக சொன்னத மறைக்கக் கூடாதுன்னு சொல்றேன். ஆனா இரக்கப்பட்டுக் குடுக்குற எடம் எனக்கு வேண்டாம்னு சொன்னேன். கோவமாப்பா?"

"கோவம் என்ன ஆத்தா. அம்புட்டையும் இங்கிலீசுலயா சொன்ன?"

"பின்ன? அவுகளுக்குத் தமிழ் தெரியாதுல்ல."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவரிடம் முதலிலிருந்து சொன்னேன். உசிலம்பட்டி வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.