பூஜையன்று விடுபட்ட ஏழு சர்வர்கள்

ஆயுத பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது என்பது எங்கள் கணபதி ஏரியாப் பட்டறைகளில் வழக்கம். அந்த வழக்கத்தைக் கிளவுட் சர்வர் வரைக்கும் கொண்டுபோனவர் எங்கள் டீம் லீட். அதற்கு என் தலை உருளப் பார்த்தது.

ஒரு பம்ப்செட் கம்பெனியின் சர்வர்களை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மாதாமாதம் அவற்றுக்கு அப்டேட் தானாகப் போகும். அதற்கான டேக், அதாவது அடையாளக் குறி, போட்ட சர்வர்களுக்கு மட்டும். டேக் இல்லாதது ரிப்போர்ட்டில்கூட வராது. அப்படி விட்டுப்போன ஒன்றில் வைரஸ் புகுந்து, கம்பெனிக்கு ஒரு நாள் முழுக்க வேலை நின்றது. ஆன்லைன் மீட்டிங்கில் பதினைந்து பேர் இருக்க, டீம் லீட் என்னைப் பற்றி வாயைத் திறந்தார்.

"அது அம்மணி பொறுப்புங்க. கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டாங்க போலிருக்குதுங்க."

எவ்வளவு மரியாதையாகக் கவிழ்த்தார். கம்பெனிக்காரர்கள் என்னை ப்ராஜெக்ட்டிலிருந்து தூக்கச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் முடிவு.

எனக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்தெந்த சர்வருக்கு அப்டேட் போகிறது, எதற்குப் போகவில்லை என்று அது பட்டியல் போட்டது. நாற்பத்தொன்றில் ஏழு விடுபட்டிருந்தன. டேக்கை எடுத்தது யார், என்றைக்கு என்பதையும் கொண்டுவரச் செய்தேன். ஏழுக்கும் டீம் லீட் பெயர்தான், ஆயுத பூஜை நாள்தான். அன்றைக்கு எதையும் தொட வேண்டாம் என்று கம்பெனி முதலாளி சொன்னது எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அப்டேட் போக வேண்டியிருந்த ஏழுக்கும் இவர் டேக்கை எடுத்தார், பொரி தின்றார், திரும்பப் போட மறந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவரிடம் மட்டும் அதைக் காட்டினேன். அந்த முகம் வெளிறுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசை. பார்த்தேன். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிச்சுக்கங்க என்றார். பட்டியலில் தன் பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.

"என்னைய பதினஞ்சு பேரு முன்னால சொன்னீங்க. இதையும் அங்கயே சொல்லிப்போடுங்க. இல்லீன்னா நான் சொல்லிப்போடறேனுங்க."

மீட்டிங்கில் அவரே சொன்னார், தப்பு தன்னுடையது என்று. சத்தம் குறைவாகத்தான் சொன்னார். பாவமாக இருந்தது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். பாவமாக இல்லை. அவர் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது. இருந்தாலும் மைக்கைப் போட்டு, "கேக்கலீங்க, இன்னொருக்கா சொல்லுங்க" என்றேன்.