தேவதையின் காலடியில் விழுந்த தூள்

பொலிவியாவின் பழைய ஸ்பானிய மிஷன் தேவாலயங்களை, அந்த மரத்தூண்களையும் ஓட்டுக் கூரைகளையும், நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விமானச் சீட்டின் விலையைப் பார்த்ததும் கணினியை மூடிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவற்றில் சிலவற்றைக் கட்டிய பாதிரியார் பிறந்தது சுவிஸின் சூக் மாநிலத்தில் என்று. சூரிச்சில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம்! அந்தப் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில், பொலிவிய மிஷன் பட்டறையில் செதுக்கிய மரத் தேவதை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

காலை 9.05 ரயிலில் ஏறி அரை மணிக்குள் சூக்கில் இறங்கினேன். அங்கிருந்து பஸ்ஸில் பதினான்கு நிமிடம். அரைக்கட்டண அட்டை இருந்ததால் போய்வர பதினெட்டு பிராங் முடிந்தது. எங்கே இறங்குவது என்று சாரதியிடம் கேட்டபோது, ஆலயம் திறந்திருக்கும், உங்கள் நாட்டுக்காரர்தான் அங்கே துப்புரவு செய்கிறார் என்றார். நான் பிறந்ததே சூரிச்சில். அதை விளக்கிக்கொண்டிருந்தால் தரிப்பிடத்தைத் தவறவிட்டிருப்பேன், அதனால் நன்றி சொல்லி இறங்கினேன். பிறகு 1.2 கிலோமீற்றர் ஏற்றம். நல்ல சப்பாத்து போட்டுக்கொண்டு போங்கள், நான் போடவில்லை.

ஆலய வாசலில் ஒரு சோடி சப்பாத்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், அந்தக் குளிரிலும் வெறும் காலுறையோடு, பிரார்த்தனைக்கு உட்காரும் வாங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். யோகன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். வார நாட்களில் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை, சனிக்கிழமைகளில் இங்கே. சைவர்தான், ஆனால் சாமி இருக்கும் இடத்துக்குள் சப்பாத்தோடு போக அவருக்கு மனம் வராதாம். நானும் கழற்றினேன். கல் தரை ஐஸ்தான்.

தேவதை ஒரு முழ உயரம்தான். கன்னத்தில் பழைய சிவப்பு, ஒரு சிறகு நுனி உடைந்திருக்கிறது. பக்கத்து விளக்கப் பலகை கதையைச் சொல்கிறது: பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்பானிய மன்னரின் ஆட்சிக்குட்பட்ட அந்தப் பகுதிக்குப் போன பாதிரியார் தேவாலயங்கள் கட்டினார், இசை கற்பித்தார். இருநூறு ஆண்டுகள் கழித்து, அவை இடிந்துகொண்டிருந்தபோது, இன்னொரு சுவிஸ்காரர் போய் ஊர் மக்களோடு சேர்ந்து பல வருடங்கள் அவற்றைப் புதுப்பித்தார். எல்லாம் சரி. இந்தத் தேவதையைச் செதுக்கிய பழங்குடிக் கைவினைஞரின் பெயர் மட்டும் பலகையில் எங்கும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது.

தேவதையின் காலடியில் ஒரு கறுப்புத் தாள் விரித்திருந்தது. தேவதையையும் தாளையும் சேர்த்து மூடியபடி ஒரு கண்ணாடி மூடி. ஏன் என்று கேட்டேன். அண்ணை துணியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். போன வருடம் ஒரு சனிக்கிழமை காலுறையில் நறநறவென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் மா போலத் தூள். துடைத்தார். அடுத்த கிழமை, மறு சனியும் இருந்தது. மறுபடியும் துடைத்தார். சாமியின் காலடியில் தூசு கிடந்தால் தன் வேலையில் குறை என்று நினைத்து நான்கு கிழமை பளபளப்பாகத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மரத்தைப் புழு அரிக்கிறது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் தூள்தான்.

"அஞ்சாம் கிழமைதான் மூளை வேலை செய்தது, தங்கச்சி. நான் துடைக்கத் துடைக்க ஆர் காணப்போயினம்? அண்டைக்குக் கூட்டாமல் விட்டிட்டுப் போனன். எனக்கு நித்திரை வரேல்லை."

ஊத்தையை விட்டுவிட்டுப் போனதற்கு முதலில் ஆலயப் பொறுப்பாளர்களிடம் அவருக்குப் பேச்சுத்தான் விழுந்ததாம். பிறகுதான் அது என்ன தூள் என்று யோசித்து, பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரை அழைத்திருக்கிறார்கள். புழு சாகட்டும் என்று தேவதையை ஒக்சிசன் இல்லாத பையில் ஆறு கிழமை மூடிவைத்து, திரும்பக் கொண்டுவந்து, புதுத் தூள் விழுந்தால் தெரியும்படி கறுப்புத் தாள் விரித்தார்கள். அந்தத் தாளைச் சோதிக்கும் நாள் நான் போன அன்றுதான்.

"இண்டைக்குத் தூள் இருந்தா இவவைச் சேமிப்பறைக்குக் கொண்டு போயிடுவினம். பேந்து ஒருத்தரும் பாக்கேலாது," என்றார் அண்ணை. கண்ணாடிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

பதினொரு மணிக்கு வல்லுநர் வந்தார், அறுபது வயதுப் பெண்மணி. மூடியைத் தூக்கினார். சிறு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியால் தாளை ஓரம் ஓரமாகப் பார்த்தார். அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் வல்லுநர் நிமிர்ந்து, ஒன்றுமில்லை, தேவதை இங்கேயே இருக்கலாம் என்றார்.

அண்ணை கூட்டும் தும்புத்தடியைப் பிடித்தபடி அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். "இண்டைக்கு எனக்குக் கூட்ட ஒண்டுமில்லை," என்றார்.

வல்லுநர் தன் கோப்பைத் திறந்து, முதல் பக்கத்தை என்னிடம் நீட்டி, இதை வாசிக்க முடியுமா என்று கேட்டார். அண்ணை அன்று தூளருகே வைத்துவிட்டுப் போன நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கம், பென்சில் எழுத்து: "தேவதையின் காலடியில் மா போலத் தூள். இண்டைக்குக் கூட்டேல்லை. யோகன்." அதை ஏன் ஜெர்மனில் எழுதி மாற்றவில்லை என்று கேட்டேன். முதலில் கண்டவர் எழுதியது எழுதியபடியே இருக்க வேண்டும், அதுதான் தன் தொழில் முறை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் போங்கள். நுழைவு இலவசம். மேலே கடை எதுவும் இல்லை, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். தடித்த காலுறை அவசியம். தேவதையைத் தொட வேண்டாம், எவ்வளவு அக்கறை வந்தாலும் அதன் காலடியைத் துடைக்கவும் வேண்டாம். அண்ணையிடம் கேட்டால் கோப்பின் நகலைக் காட்டுவார். அதில் இரண்டாம் பக்கத்திலிருந்து எல்லாமே ஜெர்மன். முதல் பக்கத்தை நீங்களே வாசித்துக்கொள்ளலாம்.