ஸ்டாண்ட்பையில் ஏழு வகைச் சோறு

என் மகனுக்கு விமானக் கம்பெனியில் வேலை கிடைத்தபோது எங்கள் ஊர் ரெங்கத்தில் நான் கொஞ்சம் அலட்டிக்கொண்டது உண்மைதான். அவன் பார்த்தது பயணிகளின் பெட்டியை எடை போடுகிற வேலை. ஆனாலும் ஊழியரின் அப்பா அம்மாவுக்குச் சலுகை டிக்கெட் உண்டு என்று அவன் சொன்ன நாளிலிருந்து, கோயிலுக்குப் போனாலும் மீன் வாங்கப் போனாலும் "இனிமே எங்களுக்கு ஏரோப்ளேன்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த டிக்கெட்டுக்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். முழுக் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி முடித்து, இடம் மீந்தால் நமக்கு. மீதமில்லையென்றால் நேராக வீட்டுக்கு. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடல் தாண்டிக் கூச்சிங்கில் இருக்கும் என் மகளுக்கு ஏழாம் மாதம். சனிக்கிழமை பதினொன்றரைக்குள் வளைகாப்பு. வளையலும் ஏழு வகைச் சோறும் தாய் வீட்டிலிருந்து போக வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். மருமகனின் அம்மா, பத்து பாகாட் ஊர்க்காரர், ஒரு மாதத்துக்கு முன்பே டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"நாமளும் டிக்கெட் எடுத்துருவோம் லா. நல்ல காரியம், ரிஸ்க் எடுக்காத" என்றார் என் வீட்டுக்காரர்.

"புள்ள ப்ளேன் கம்பெனில இருக்கான், டிக்கெட் காசு குடுத்துப் போனா நாலு பேரு சிரிப்பாங்க" என்றேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து ஏழையும் கிண்டினேன். தேங்காய், எலுமிச்சை, தக்காளி, புதினா, புளி, தயிர், கடைசியாகச் சர்க்கரைப் பொங்கல். ஏழு டப்பா, இரண்டு பெரிய பை. அதற்குள் மகன் போனில் பாடம் நடத்தினான்.

"ஸ்லிப்பர் போடக் கூடாது. அப்பாவ ஷூ போடச் சொல்லுங்க. கவுண்டர்ல சண்ட போடக் கூடாது. கெஞ்சவும் கூடாது. கேட்டுச்சாமா?"

சண்டையும் கூடாது, கெஞ்சவும் கூடாது என்றால் நான் பிறகு எதைத்தான் செய்வது? என் வீட்டுக்காரருக்கோ மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூ. அதற்குப் பிறகு கால் வீங்கிவிட்டதா, ஷூ சுருங்கிவிட்டதா தெரியவில்லை, செனாய் விமான நிலையத்தில் அவர் நடந்த நடையைப் பார்த்து காவலாளி வந்து சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டார்.

கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், நல்ல சிரித்த முகம். எங்கள் பெயரை எழுதிக்கொண்டு, "துங்கு செகெஜாப் யா, ஆன்ட்டி" என்றாள். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அன்று முழுக்க அவள் அதைத்தான் சொன்னாள்.

ஸ்டாண்ட்பையில் உட்கார்ந்திருப்பவளுக்கு மனசு எவ்வளவு கெட்டுப்போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே வருகிற ஒவ்வொரு பெட்டியும் எனக்கு விரோதி. முருகனிடம் வேண்டினேன். யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது சாமி, வர்ற வழியில் சின்னதாக ஒரு பஞ்சர், இரண்டு பேருக்கு மட்டும், டயர் மாற்றிக்கொண்டு அடுத்த ப்ளேனில் பத்திரமாக வரட்டும். இவ்வளவு பொறுப்பாக வேண்டியும், ஒரே நிறச் சட்டையில் இருபது பள்ளிப் பிள்ளைகளையும் பூப்பந்து மட்டைகளையும் அனுப்பிவைத்தார். காலை விமானம் நிறைந்து பறந்துவிட்டது.

பதினொரு மணிக்குத் தேங்காய்ச் சோற்றை மோந்து பார்த்தேன். பயமாக இருந்தது.

"இப்பவே யாராச்சும் சாப்பிட்டாதான் உண்டு. குப்பைலயா கொட்டப் போற?" என்று அவர் டப்பாவைத் திறந்துவிட்டார். நாங்கள் எங்கே போனாலும் இவர் கடை விரித்துவிடுவார், அது வியாதி. கூட்டுகிற அக்கா இரண்டு பேர் சாப்பிட்டார்கள். சக்கர நாற்காலிக் காவலாளி ஒரு வாய் வைத்துவிட்டு, "சம்பால் தாக் அடா?" என்று கேட்டார். வளைகாப்புச் சோற்றுக்கு மிளகாய்ச் சம்பால் இல்லையா என்று கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

மதிய விமானத்துக்கு அந்தப் பெண் கை காட்டிக் கூப்பிட்டாள். ஓடினேன்.

"சத்து ஓராங் சாஜா, ஆன்ட்டி." ஒருத்தருக்குத்தான் இடம். கைப்பை மட்டும், ஏழு கிலோ, உடனே ஏற வேண்டும்.

"நீ போ. சோத்த நான் பாத்துக்கறேன்" என்றார் அவர்.

"சோறில்லாம கைய வீசிக்கிட்டுப் போயி சம்பந்தி முன்னாடி நிக்கச் சொல்றீங்களா?"

"புள்ளையப் பாக்கப் போறியா, சம்பந்தியப் பாக்கப் போறியா?"

நான் வாயைத் திறந்து பதில் தேடுவதற்குள், பின்னால் லேப்டாப் பையோடு நின்றிருந்த இன்னொரு ஸ்டாண்ட்பைப் பையன் அந்த இடத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் முதுகு எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்றால் காலில் ஷூ.

சாயங்கால விமானத்திலும் இடமில்லை. அதற்குள் எலுமிச்சையும் தக்காளியும் புதினாவும் விமான நிலையத்தின் வயிற்றுக்குள் போய்விட்டன. தயிர்ச் சோற்றைக் கவுண்டர் பெண்ணே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். சர்க்கரைப் பொங்கலை இவர் முடித்தார், கவலையில் சாப்பிடுகிறாராம். கிளம்பும் நேரத்தில் சம்பந்தி போன் செய்தார்.

"பரவால்லைங்க சம்பந்தி, சோறெல்லாம் இங்கயே ஆக்கிக்கறோம். வளையலும் இங்க கடையில கெடைக்குது. நீங்க மெதுவா வாங்க, அவசரமில்ல."

அவசரமில்லையாம்! அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் காருக்குள் கத்தினேன். பிறகு அழுதேன். என் பிள்ளைக்கு என் கையால் வளையல் போட முடியாமல் போய்விடும் போலிருக்கிறதே என்று அப்போதுதான் நெஞ்சில் உறைத்தது. அதுவரை நான் சோற்றைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். காலையில் போகிற விமானத்துக்கு முழுக் காசு கொடுக்கவும் தயாராக இருந்தோம், ஆனால் விற்பதற்கு டிக்கெட்டே இல்லை.

சனிக்கிழமை காலை மறுபடியும் போய் நின்றோம். ஒன்பது மணி விமானம். எல்லாரும் ஏறி முடித்த பிறகு அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே வளையல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டேன். மிச்சமிருந்த புளிச்சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நொண்டி வந்தார்.

"இதயாச்சும் எடுத்துட்டுப் போ!"

"நீங்களே தின்னுங்க!" என்று கத்திவிட்டுப் போனேன். கட்டிய புருஷனிடம் போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்கு மாலையில்தான் இடம் கிடைத்தது.

கூச்சிங்கில் இறங்கினால், அது வேறு மாநிலம், அங்கே நம் நாட்டுக்காரர்களுக்கும் குடிநுழைவு வரிசை. முன்னால் ஒருவர் அடையாள அட்டையைத் தேடித் தேடி எல்லாப் பையையும் கவிழ்த்தார். வாடகைக் காரில் ஏறியபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. பதினொன்றே காலுக்கு அவர்கள் வீட்டு வாசலில் இறங்கினேன்.

கூடம் நிறைய ஆட்கள். சம்பந்தி ஆக்கிய ஏழு வகைச் சோறும் வரிசையாக இருந்தது. என் மகள் நடுவில் பட்டுப்புடவையோடு நாற்காலியில் இருந்தாள், இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இறுக்கி மறைத்துக்கொண்டு. சம்பந்தி வளையலை வைத்துக்கொண்டு பக்கத்தில் வியர்த்துப்போய் நின்றார்.

"வந்துட்டீங்களா! ஒரு மணி நேரமா இப்படித்தாங்க ஒக்காந்துருக்கா. நல்ல நேரம் போவுது, கைய நீட்டுமான்னா நீட்டவே மாட்டேங்கறா. இவ்ளோ பிடிவாதம் யாருக்குங்க?"

எனக்குத்தான். மகள் என்னைப் பார்த்ததும் முந்தானையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து நீட்டினாள். முகமெல்லாம் கோபம், கண்ணெல்லாம் தண்ணீர்.

"எவ்ளோ நேரம்மா ஒளிச்சு வைக்கிறது? கை மரத்துப்போச்சு!"