செனோபியாவின் ராஜினாமா

செனோபியா லாருத்தாவை எங்கள் நகராட்சி மன்றத்துக்கு அனுப்பியதே அவள் வாய் திறக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில்தான். வேட்பாளர் பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. யாரைப் போடலாம் என்று கலாவுத்தா ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் ஒரு மணி நேரம் கோகா இலையை மென்றார்கள்.

"லீனோ பொண்டாட்டியப் போடுங்கப்பா. இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில பூந்துக்கிற ஆளு. அவ எங்க பேசப் போறா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்த செனோபியா சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

அவர் சொன்னது பொய்யும் இல்லை. அவளுக்கு இடி பயம், நாய் பயம், ஆற்றுக்கு மேல் ஆடுகிற பாலத்தைக் கடக்கப் பயம். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும்போது யாராவது குரலை உயர்த்தினால் போதும், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவாள்.

என் பெயர் விதால். அந்த மன்றத்தில் எழுத்தர். மினிட் புத்தகம் எழுதுவதும் கடிதம் டைப் அடிப்பதும் முத்திரை குத்துவதும் என் வேலை. அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

முதல் ஒன்றரை வருடம் ஊர் எதிர்பார்த்தபடியே அவள் ஊமையாக இருந்தாள். பிறகு, எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூன் மாதம், உறைபனி விழுந்த ஒரு விடியற்காலை, பாஸ்குவாலா என்ற பெண்ணுக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியனுப்பினார்கள். வரவில்லை. கணவன் செவேரோ அவளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர, பாதி வழியில், ரோட்டோரத்திலேயே பிறந்தது. குழந்தை தங்கவில்லை. ஆம்புலன்ஸ் அன்று மேயரின் சம்பந்தி ஊர்த் திருவிழாவுக்கு பீர்ப் பெட்டிகள் ஏற்றிப் போயிருந்தது ஊருக்கே தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் செனோபியா எழுந்து நின்றாள். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்ஸ் அன்னைக்கு எங்க போச்சு?"

"ரிப்பேரும்மா" என்றார் மேயர் ஆர்செனியோ.

"அப்ப ரிப்பேர்னு மினிட்ல எழுதச் சொல்லுங்க. எந்தப் பட்டறைன்னும் எழுதச் சொல்லுங்க."

மேயர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். எழுதினேன். பட்டறைப் பெயருக்கான இடம் காலியாகவே நின்றது. அதற்கு அடுத்த கூட்டத்தில் அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள்: ஆம்புலன்ஸ் எப்போது எங்கே போகிறது என்று சுகாதார நிலையத்தில் ஒரு நோட்டு வைத்து எழுத வேண்டும், ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து பேரில் மூன்று பேர் கை தூக்க, தீர்மானம் நிறைவேறிவிட்டது. அவள் வெளியே போய்ச் சுவருக்குப் பின்னால் வாந்தி எடுத்ததை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.

தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒவ்வொரு உறுப்பினருக்கும், அவர் விலகினால் அந்த இடத்துக்கு வர, ஒரு மாற்று உறுப்பினர் உண்டு. அவளுக்கு மாற்று கிளெமென்ட்டே போமா, மேயருக்கு நெருக்கமானவர். "பாதிக் காலம் அவளுக்கு, பாதி எனக்குன்னு அன்னைக்கே பேச்சு. நாற்காலிய விட்டு எந்திரிக்கச் சொல்லுங்க" என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆரம்பித்தார். அப்படியொரு பேச்சு நடந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் எங்கள் பக்கம் ஊர்ப்பொறுப்பு எல்லாமே முறை வைத்து மாறி மாறி வருவதுதான். அதனால் பலர் அதை உண்மையாகவே நம்பினார்கள்.

அவள் வீட்டுத் தகரக் கூரை மேல் கல் விழுந்தது. ஒரு காலையில் அவளுடைய நான்கு ஆடுகள் வயிறு ஊதிச் செத்துக் கிடந்தன. லீனோ கெஞ்சினான்: "விட்டுடுடி. நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

"நான் எந்திரிச்சா அந்த நோட்டு மறுநாளே அடுப்புக்குப் போயிடும்" என்றாளாம். சொல்லிவிட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பெரிய உரலை இழுத்து வைத்தாளாம்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. பத்தே காலுக்கு கிளெமென்ட்டே இருபது பேரோடு உள்ளே வந்தார். மேயர் தலைவலி என்று கிளம்பினார். மற்ற உறுப்பினர்களை அனுப்பிவிட்டார்கள். கதவு உள்பக்கம் பூட்டப்பட்டது. கதவில் முதுகைச் சாய்த்து நின்றவன் செவேரோ. குழந்தையைப் பறிகொடுத்த அதே செவேரோதான்; அவன் பயிர் வைத்துப் பிழைத்தது கிளெமென்ட்டேயின் நிலத்தில்.

"விதால், ராஜினாமா ஒண்ணு டைப் அடி" என்றார் கிளெமென்ட்டே. "சொந்தக் காரணங்களுக்காகன்னு போடு."

நான் டைப் அடித்தேன். எனக்கு மூன்று பிள்ளைகள். முதல் தடவை அவள் பெயரிலேயே பிழை விட்டேன். மறுபடி அடித்தேன்.

காகிதத்தை அவள் முன்னால் வைத்தார்கள். அவள் தொடவில்லை. அவர்கள் அடிக்கவில்லை, திட்டினார்கள். சாட்டையை மேசை மேல் போட்டார்கள். "வெளிய விளக்குக் கம்பத்துல கட்டி வெச்சா ராத்திரிக் குளிர்ல தானா புத்தி வரும்" என்றான் ஒருவன். மணி பன்னிரண்டு அடித்தது. ஒன்று அடித்தது. அவள் சின்னக் குரலில் கேட்டாள்:

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"கையெழுத்துப் போட்டுட்டுத் தாராளமாப் போ, தங்கச்சி."

இரண்டு மணிக்கு மறுபடி கேட்டாள். அதே பதில். மூன்று மணி வாக்கில் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே ஈரம் பரவியது. அவள் அடுக்குப் பாவாடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். செவேரோ தொப்பியைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அப்போதுதான் அவள் பேனாவை எடுத்தாள்.

"இது போதும்ல?" என்று கிளெமென்ட்டே என்னைக் கேட்டார்.

"போதாதுண்ணே. அவங்களே லா பாஸுக்குப் போய் தேர்தல் அலுவலகத்துல நேர்ல குடுக்கணும். இல்லைன்னா செல்லாது."

அவளைக் காப்பாற்ற அதைச் சொல்லவில்லை. விதியைக் கேட்டால் விதியைச் சொல்லிப் பழகிய வாய்.

மறுநாள் விடியும்போது எங்களை வேனில் ஏற்றினார்கள். முன்னால் கிளெமென்ட்டேயும் அவர் தம்பியும். பின்னால் அவளும் நானும், கோப்பும். நான்கு மணி நேரம். அவள் தோள் என் தோளில் இடித்த இடம் முழுவதும் நடுங்கிக்கொண்டே வந்தது. வண்டி குலுங்குவதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 'அங்கே உன்னைத் தனியாக விசாரிப்பார்கள்' என்று காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கண்ணாடியில் கிளெமென்ட்டேயின் கண்கள் தெரிந்தன. சொல்லவில்லை.

அலுவலகத்தில் கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு பெண் அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இவங்களத் தவிர எல்லாரும் வெளிய போங்க."

"நாங்க சொந்தக்காரங்கம்மா."

"மாமனோ மச்சானோ, எனக்கு வேண்டியதில்ல. விதி அப்படி. நீங்களும்தான் சார், கோப்பை வெச்சுட்டுப் போங்க. கதவைச் சாத்துங்க."

உள்ளே நடந்ததை செனோபியா வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

"நீங்களா விரும்பி எழுதினீங்களாம்மா?" என்று அதிகாரி கேட்டிருக்கிறாள். செனோபியா கதவையே பார்த்தாள். கதவின் கண்ணாடியில் கிளெமென்ட்டேயின் தொப்பி தெரிந்தது. அதிகாரி எழுந்து வந்து அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாளாம். "அங்க பாக்காதீங்க. என்னைப் பாருங்க." மறுபடி கேட்டாள். ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்துவிட்டு மூன்றாம் முறை கேட்டாள்.

"நேத்து என்னை ஒண்ணுக்குப் போக விடல" என்றாள் செனோபியா.

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அதிகாரி கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு படிவத்தை எடுத்தாளாம்.

வெளியே கிளெமென்ட்டே வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். "என்னடா இவ்வளவு நேரம்?"

"முத்திரை தேடுறாங்க போலண்ணே."

அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தப் பொய்தான். மாலையில் காவலாளி வந்து அலுவலகத்தைப் பூட்ட வேண்டும் என்றபோதுதான் தெரிந்தது, அவளைப் பின்படி வழியாக அனுப்பிவிட்டார்கள் என்று. கிளெமென்ட்டே என் சட்டைக் காலரைப் பிடித்தார். "தெரிஞ்சேதான் இங்க கூட்டிட்டு வந்தியாடா?"

"விதியைச் சொன்னேன். அவ்வளவுதாண்ணே." அவர் தம்பி கையை விலக்கிவிட்டான். திரும்பும் வேனில் எனக்கு இடம் இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஆறு வாரம் லா பாஸை ஒட்டிய எல் ஆல்ட்டோவில் ஒன்றுவிட்ட அக்காள் வீட்டில் ஒளிந்திருந்தாள். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் பின்கட்டுக்கு ஓடிவிடுவாளாம். இங்கே, தேர்தல் அலுவலகத்தின் கடிதம் என் மேசைக்கு வந்தது: ராஜினாமா செல்லாது, மிரட்டியவர்கள் மேல் விசாரணை நடக்கும். அதைக் கூட்டத்தில் நான்தான் படிக்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். மேயர் தொண்டையைச் செருமினார். கிளெமென்ட்டே எழுந்து போய்விட்டார்.

அக்டோபரில் ஒரு நாள் அவள் சந்தை வேனில் வந்து இறங்கினாள். லீனோவும் எட்டுப் பெண்களும் கூட வந்தார்கள். தேவாலய முனையில் செவேரோ நின்றிருந்தான். அவனைப் பார்த்ததும் அவள் கால் அப்படியே நின்றுவிட்டது. அவன் அருகில் வரவில்லை. எல்லோரையும் போகவிட்டு, பத்தடி பின்னால் அலுவலகம் வரை நடந்து வந்தான். உள்ளே வரவில்லை. அதற்கப்புறம் பதவிக்காலம் முடியும் வரை, கூட்டம் நடக்கும் நாளெல்லாம் அவன் எதிர்ச் சுவரடியில் உட்கார்ந்திருந்தான்.

விசாரணை இழுத்துக்கொண்டே போய் அபராதத்தோடு முடிந்தது. அடுத்த தேர்தலில் கிளெமென்ட்டே தன் பெயரிலேயே நின்று ஜெயித்தார். இன்று அவர்தான் மேயர். ஒரு தடவை மைத்துனன் வீட்டுச் சாமான் ஏற்ற ஆம்புலன்ஸைக் கேட்டிருக்கிறார். "நோட்டுல என்னன்னு எழுதட்டும் சார்?" என்று ஓட்டுநர் கேட்க, சிரித்து மழுப்பிவிட்டு வேறு வண்டி பிடித்தாராம்.

செனோபியா மறுபடி நிற்கவில்லை. பெண்கள் சங்கத்திலிருந்து வந்து எவ்வளவோ கேட்டார்கள். "வேற யாராச்சும் பாருங்கம்மா, என்னால ஆகாது" என்றுவிட்டாள். வேறு இரண்டு பேர் நின்றார்கள். கடைசிக் கூட்டம் முடிந்த மறுநாள் அவள் ஓருரோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். போன நாளிலிருந்து மூன்று நாள், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்து, தூங்கிக்கொண்டே இருந்தாளாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று மகள் பயந்து லீனோவுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"எழுப்பாத தாயி," என்றிருக்கிறான் லீனோ, "தூங்கட்டும்."