எலும்புக்கு எழுபத்தெட்டு மார்க்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்காரருக்குப் ‘பளிச்’ என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாக அவர் எடுக்கும் படம் அப்படி. டிஜிட்டல் மெஷின் வந்த பிறகு, படத்தைக் கூராக்கும் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் டாக்டருக்கு அனுப்புவார். மங்கலாக ஒரு படம் போய்விட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் புதிதாக ஒரு புரோகிராம் வாங்கினார்கள். குதிகால் எக்ஸ்ரேயைக் கொடுத்தால், எலும்புக்குள் ஓடும் வலை எங்கே நெருக்கம், எங்கே இற்றுப்போயிருக்கிறது என்று கணக்குப் போட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் சொல்லும். “படத்துல கை வைக்காம அப்படியே குடுங்க” என்று கம்பெனி ஆள் படித்துப் படித்துச் சொன்னான். எனக்கே பாடமா என்று இவர் காதில் வாங்கவில்லை. கூராக்கினால் கோடுகள் தடிக்கும், இல்லாத எலும்பு இருப்பதாகக் கணக்கு சொல்லும் என்பது அந்தப் பெரிய மனுஷனுக்கு உறைக்கவே இல்லை.

மனைவிக்கு அப்போது தீராத முதுகுவலி. அவளையும் படமெடுத்தார். எழுபத்தெட்டு மார்க்.

“கம்ப்யூட்டரே சொல்லுது, உன் எலும்பு கல்லு மாதிரி இருக்குன்னு. சும்மா டிராமா போடாதே.”

“நெசமாவே வலிக்குதுங்க.”

மகளிடமும் போனில் சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து கேலி செய்தாள். அதன்பிறகு அந்த அம்மாள் வலி என்று வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாளி தூக்கினாள்.

நேற்று குளியலறை வாசலில் தடுக்கிக்கூட விழவில்லை, சும்மா திரும்பினாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடித்து வந்த டாக்டர், “ஸ்க்ரூவே நிக்கலை, எலும்பு பொடிப்பொடியா உதிருது. கூடவே இருந்து என்னய்யா பாத்தே?” என்று கத்தினார்.

இவர் எக்ஸ்ரே ரூமுக்கு ஓடினார். மெஷினில் கிடந்த அவளுடைய பழைய படத்தை, கை வைக்காததை, புரோகிராமில் போட்டார். முப்பத்தொன்று. பாவி மனுஷன்! அவள் ஒருத்தியா? ‘நல்லாயிருக்கு’ என்று அவர் வீட்டுக்கு அனுப்பிய பெண்கள் நானூறுக்குக் குறையாது. நேராகப் போய்ப் பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிறகு வார்டுக்கு வந்து, தலை நிமிராமல் மனைவியிடமும் சொன்னார்.

அவள் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

“அப்போ நான் டிராமா போடலை.”

“இல்லம்மா.”

“இதை அவகிட்டயும் உங்க வாயால சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நான் கேக்கணும்.”

மகளுக்கு இன்னும் விஷயமே தெரியாது. நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அமுக்கினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னப்பா, அம்மாவுக்கு இன்னைக்கு எங்கே வலியாம்?”