‘டைட்டில் இல்லை’ என்றது போன்

யாரோ செய்த தப்புக்கு யாரிடமோ “ஸாரி சார்” சொல்லிச் சம்பளம் வாங்குவதுதான் கஸ்டமர் கேர் வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு வசவு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் வயிற்றெரிச்சலை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வீடு சித்தூரில், ஆபீஸ் திருப்பதியில். போனில் படிப்பதற்கான ஒரு ஆப்பை எங்கள் கம்பெனி நடத்துகிறது. குரூப்பில் யாராவது ஒரு கட்டுரையின் லிங்க்கை அனுப்பினால், அதை ஷேர் பண்ணி எங்கள் ஆப்பில் சேமித்துவிட்டு அப்புறம் சாவகாசமாகப் படிக்கலாம். சேமிக்கும்போது கட்டுரையின் தலைப்பும் கூடவே வர வேண்டும். பாதி நேரம் வராது. வராவிட்டால், ஆப்பைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு ‘டைட்டில் இல்லை’ என்று மட்டும் கொட்டை எழுத்தில் காட்டும். அந்த இரண்டு வார்த்தைதான் என் பிராணனை வாங்கியது.

மாங்காய் லோடு

பங்காருபாளையத்தில் மாங்காய் மண்டி வைத்திருப்பவர் ஒருவர் கூப்பிட்டார். பூச்சி மருந்து, பழ ஈ, ஏற்றுமதி என்று பார்த்துப் பார்த்து லிங்க்குகளைச் சேமித்திருக்கிறார். திறந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ‘டைட்டில் இல்லை’, ‘டைட்டில் இல்லை’. எது எந்தக் கட்டுரை என்றே தெரியவில்லை.

இதற்கு எங்களுக்குக் கொடுத்திருந்த பதில் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நானும் வெட்கமில்லாமல் அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். “ஏம்மா, ஒரு லோடு காய இறக்கி வெச்சிக்கினு, எது பங்கனப்பள்ளி எது தோத்தாபுரின்னு ஒவ்வொண்ணா கடிச்சிப் பாக்கச் சொல்றியா?”

அவர் போனில் வருகிறது

பக்கத்து அறையில்தான் இந்த ஆப்பை எழுதிய சுரேஷ் உட்கார்ந்திருக்கிறார். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் புரியும். இடத்தை விட்டு எழுந்து போய்ச் சொன்னேன். லிங்க்கோடு தலைப்பு வராவிட்டால், நம் ஆப்பே அந்தப் பக்கத்துக்குப் போய்த் தலைப்பைப் படித்துக்கொண்டு வரக் கூடாதா என்றும் கேட்டேன். அது சின்ன வேலைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்புறம் ஏன் செய்யவில்லை?

தன் போனை எடுத்து ஒரு லிங்க்கைச் சேமித்துக் காட்டினார். தலைப்பு அழகாக வந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் போனே இல்லாத மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்து, தன் போனில் வருகிறதே என்று தெலுங்கில் சொன்னார். “நா ஃபோன்லோ வஸ்துந்தி கதா, மேடம்!”

நிலம் இருக்கிறதா?

ஏகாம்பரம் என்பவர் நகரி பக்கத்து விவசாயி. அவருக்கு இருப்பதெல்லாம் ஒரு மாந்தோப்பு. ஊரில் நிலங்களைத் திரும்ப அளந்துகொண்டிருந்த சமயம் அது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், ‘உங்கள் நிலம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா, பார்ப்பது எப்படி’ என்ற கட்டுரையை அனுப்பி, ஆப்பில் சேமித்துப் படிக்கச் சொல்லியிருக்கிறான். அவரும் சேமித்தார். போன் பதில் சொல்லிவிட்டது: ‘டைட்டில் இல்லை’.

எங்கள் பக்கத்தில் டைட்டில் என்றால் நிலத்தின் உரிமைப் பத்திரம். கட்டுரைக்கும் டைட்டில் உண்டு என்று அந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்? முதல் பஸ் பிடித்து, எங்கள் பக்கம் எம்மார்ஓ என்கிற தாசில்தாரின் ஆபீசுக்கு ஓடியிருக்கிறார். அங்கே நிலம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவர் நம்பவில்லை. ஆப்பில் எங்கள் நம்பரைத் தேடிப் பிடித்து, அந்த ஆபீஸ் பெஞ்சிலிருந்தே கூப்பிட்டார். “ஒண்ணும் துன்னாம குந்திக்கினு கீறேன்மா. எங்க நைனா வெச்ச தோப்பு அது” என்றார்.

லிங்க், தலைப்பு, ஷேர் என்று நான் என்னென்னவோ விளக்கினேன். எனக்கே அவமானமாக இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். “அதெல்லாம் இன்னாவோ இருக்கட்டும். என் நெலம் கீதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு.”

வார்த்தையை மாற்றினார்கள்

இதை மீட்டிங்கில் சொன்னேன். ஒரு பெரியவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைப்பை வரவழையுங்கள் என்று கத்தியே விட்டேன்.

மேனேஜர் கையமர்த்தினார். ‘டைட்டில்’ என்ற வார்த்தைதானே வம்பு, அதை எடுத்துவிட்டுச் சுத்தத் தமிழில் ‘பெயர் இல்லை’ என்று போட்டுவிடலாம் என்றார். கட்டுரைக்குப் பெயர் இல்லை என்று அர்த்தமாம். என்ன வார்த்தை போட்டாலும் தலைப்பு வராதே என்றேன். அவர் எழுந்துகொண்டே சொன்னார். “டைட்டில்னு பார்த்துத்தான பயந்தாரு? இனிமே பயப்பட மாட்டாரு. கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிடும்மா.”

பெயர் இல்லை

ஆப் அப்டேட் ஆனது. ஏகாம்பரம் மறுபடியும் கூப்பிட்டார், மறுபடியும் அதே எம்மார்ஓ ஆபீஸ் பெஞ்சிலிருந்து. மனசு கேட்காமல் அந்த லிங்க்கைத் திரும்பப் பார்த்திருக்கிறார். ‘பெயர் இல்லை’ என்று இருந்திருக்கிறது. தோப்பை வேறு யார் பெயருக்கோ மாற்றிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். வீட்டில் அவர் சம்சாரம் அழுதுகொண்டிருக்கிறாராம்.

இந்தத் தடவை நான் ஸாரி சொல்லவில்லை. அழைப்பை என் போனுக்கு மாற்றி எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்து அறைக்குப் போனேன். மேனேஜரும் அங்கேதான் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டு சுரேஷின் மேஜைமேல் வைத்து, “இதைச் செஞ்சவங்க இங்கதான் இருக்காங்க, அவங்ககிட்டயே கேளுங்க பெரியவரே” என்றேன். ஏகாம்பரம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “சார், மொதல்ல டைட்டில் இல்லன்னீங்க. இப்ப பேரும் இல்லன்றீங்க. நானாச்சும் கீறேனா, அத்தயாச்சும் பாத்து சொல்லுங்க சார்.”

அன்று சாயந்திரத்துக்குள் எல்லா லிங்க்குக்கும் தலைப்பு வந்துவிட்டது. அரை நாள் வேலையைச் செய்ய மனசில்லாமல் அந்த மனிதரை இரண்டு தடவை எம்மார்ஓ ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்த எங்களுக்குத்தான் என்ன பெயர் வைப்பதென்று இன்னும் தெரியவில்லை.