பதிகங்களோடு வைத்த பாட்டு

எங்கள் அண்ணா பிறந்தது பருத்தித்துறையில். கண்ணை மூடியது கனடாவின் ஸ்காபரோவில். இடையில் பொறியியல் படிக்க ரஷ்யாவின் லெனின்கிராட்டுக்குப் போனார். இப்போது அந்த நகரத்தின் பெயரே மாறிவிட்டது. அங்கே மனதில் பட்டதை எழுதிப் பாடினால் அரசாங்கம் விடாதாம். ஆகவே இசையமைப்பாளர்கள், என்றோ இறந்துபோன பெரும் புலவர்களின் கவிதைகளுக்கு மெட்டமைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற கவிதையை எந்த அதிகாரி தடுப்பான்? கேட்பவர்களுக்கு விளங்கும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அந்தப் பாட்டுகளை அண்ணா உயிராகக் கற்றார்.

ரொறன்ரோவுக்கு அகதியாக வந்து, ஒஷாவாவில் தொழிற்சாலை வேலை செய்துகொண்டே, ஒரு பழந்தமிழ்ப் பாட்டுக்கு அதே முறையில் மெட்டமைத்தார். போருக்குப் போன மகனை இரண்டு படைகளிடமும் கேட்டு அலையும் தாயின் பாட்டு அது. அஜின்கோர்ட்டில், ஊர்ப் போரில் இயக்கத்தின் பக்கம் நின்ற ஒரு சங்கத்தின் கலைவிழாவில் மேடை ஏறினார். அப்பாவி மனிதர், பாடுமுன் ரஷ்யக் கதையை விளக்கமாகச் சொன்னார். மைக் நின்றது. சங்கத்தின் செயலாளர் மேடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, உந்த விளையாட்டெல்லாம் இஞ்ச வேண்டாம். இறங்குங்கோ."

ஒரு வரிகூடப் பாடாமல் இறங்கினார். பிறகு 'துரோகி' என்ற பேச்சு கடைகள்வரை வந்தது. கலியாண வீடுகளில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இருப்பதில்லை. அண்ணா கோபப்படவில்லை, அந்த வேலையை எனக்கு விட்டுவிட்டார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னார்:

"பிழை என்ரதான், பிள்ளை. ரஷ்யாக்காரர் விளக்கம் சொல்லமாட்டினம். எங்கட சனம் ஒருக்காலாவது அதைப் பாடியிருக்கலாம்."

அண்ணா போன கையோடு செயலாளர் தொலைபேசியில் வந்தார். இங்கே எந்த வீட்டு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் பதிகம் பாடுகிறவர் அவர்தானே.

"தங்கச்சி, பதிகம் நான் வந்து பாடுறன். வேற ஒருத்தரையும் கேளாதேங்கோ."

"ஓம் அண்ணை, வாங்கோ" என்றேன். நல்ல குரல். பொருளைக் கவனிக்கிற பழக்கம்தான் இல்லை.

அந்தியேட்டிக்கு அச்சிட்ட இந்த நினைவு மலரின் முன்பக்கங்களில் உள்ளவற்றை அவர் சொல்லித்தர, நீங்கள் எல்லோரும் பாடி முடித்துத்தான் இங்கே வந்திருப்பீர்கள். கடைசியாகப் பாடியது பதிகமன்று. அது அண்ணாவின் பாட்டு. அதற்கு நான் அங்கே ஒரு விளக்கமும் அச்சிடவில்லை. நடுவில் செயலாளருக்கு விளங்கியிருந்தாலும் நிறுத்த வழியில்லை. தொடங்கிய பதிகத்தை இடையில் விடக்கூடாதென்று எல்லா வீடுகளிலும் சொல்பவர் அவரே. மெட்டு மாறியிருக்கும். அண்ணா அதைப் பொறுப்பார். நான்தான் பொறுக்காதவள்.

அண்ணாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்த தாதியருக்கும், அஜக்ஸிலிருந்து நாள்தோறும் சோறு கொண்டுவந்த மச்சாளுக்கும், அண்ணியின் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

செயலாளர் அவர்களுக்குத் தனியாக நன்றி. அன்று ஒரு வரிக்கும் விடாத பாட்டை, இன்று அண்ணாவின் படத்துக்கு முன்னால் இருந்து, உங்கள் வாயாலேயே கடைசிவரை பாடினீர்கள்.

தங்கை